நாம் தொடங்கிய இடம்

உங்கள் பிறந்தநாள் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். நீங்கள் எங்கே தொடங்கினீர்கள் என்று கேட்டால், அம்மாவின் வயிற்றில் என்பீர்கள். அந்த விடை தவறன்று. ஆனால், உயிரியல் அதற்கும் ஒரு தலைமுறை முன்னால் நம்மை அழைத்துச் செல்கிறது.

2009ஆம் ஆண்டில் பிறந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவருடைய அம்மா 1978ஆம் ஆண்டில் பிறந்தவர். பாட்டி அக்காலத்தில் மம்பாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் சாலையில் இன்று வீடமைப்புப் பகுதிகளையும் செம்பனையையும் பார்க்கிறோம். அன்று அவற்றில் பல இடங்கள் ரப்பர் காடுகளாக இருந்தன.

பாட்டியின் வயிற்றில் இருந்த அந்தப் பெண்சிசுவுக்கு ஐந்து மாதம் ஆனபோதே, அதன் சூலகங்களில் ஏறக்குறைய 60 முதல் 70 இலட்சம் கருமுட்டை அணுக்கள் உருவாகிவிட்டன. அதற்குப் பிறகு புதிதாக உண்டாவதில்லை என்பதே அறிவியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பிறக்கும்போது அவற்றுள் 10 முதல் 20 இலட்சம் வரைதான் எஞ்சியிருக்கும். பூப்பெய்தும் வயதில் 3 அல்லது 4 இலட்சம். வாழ்நாள் முழுவதும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 மட்டுமே. அந்த 400இல் ஒன்றுதான் பின்னாளில் அந்த மாணவி ஆனது. அதாவது, அவருடைய உடலின் முதல் அணுவில் ஒரு பாதி, 1978ஆம் ஆண்டிலேயே தோட்டத்து லயத்தில், பாட்டியின் வயிற்றுக்குள் இருந்தது. பாட்டி உண்ட சோறும் குடித்த தண்ணீரும் அதற்கும் சேர்த்துத்தான்.

மறு பாதியின் கதை வேறு. ஆணின் உடலில் விந்தணுக்கள் பூப்புப் பருவம் முதல் முதுமை வரை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாள் ஆகும். ஆகவே, அப்பாவிடமிருந்து வந்த பாதிக்கு வயது சில மாதங்கள். அம்மாவிடமிருந்து வந்த பாதிக்கு வயது முப்பது ஆண்டுகள். பாடநூல்கள் இனப்பெருக்கத்தைப் பெரும்பாலும் இரண்டு வரைபடங்களோடும் சில கலைச்சொற்களோடும் முடித்துவிடுகின்றன. காலம் என்ற கூறு அதில் விடுபட்டுப் போகிறது. இந்தக் கட்டுரை அந்தக் காலத்தைப் பற்றியது.

பாட்டியின் நாளுக்குத் திரும்புவோம். பொழுது விடியுமுன் பெரட்டு. தலையில் விளக்கு, கையில் உளி. ஒவ்வொரு மரமாக வெட்டி, மங்கைச் சரிசெய்து, பிறகு பாலை வாளியில் சேர்த்து, கொட்டகைக்குச் சுமக்க வேண்டும். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்கும். கால்களில் பெரும்பாலும் செருப்பு இருக்காது. ஈரமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களைத் தேடி ஓர் எதிரி காத்திருந்தது. அதுதான் கொக்கிப்புழு. கழிப்பிட வசதி குறைந்த இடங்களில் மனிதக் கழிவோடு மண்ணில் கலக்கும் அதன் முட்டைகள் பொரிந்து, குஞ்சுப்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே புகும். பிறகு இரத்த ஓட்டத்தில் பயணம் செய்து, கடைசியில் சிறுகுடலில் கொக்கிபோல் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வட்டாரங்களில் காணப்படும் கொக்கிப்புழு வகைகளுள் ஒன்று, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்கும். மிகச் சிறிய அளவு. ஆனால், 100 புழுக்கள் இருந்தால் ஒரு நாளைக்கு 3 மில்லிலிட்டர், ஒரு மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். ஒரு பெண்ணுக்கு மாதவிடாயின்போது வெளியேறும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். அதைப்போல் இருமடங்குக்கு மேல் அந்தப் புழுக்கள் குடித்துவிடுகின்றன. ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தத்திலும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. அதுவும் சேர்ந்தே போகிறது.

இதே காலத்தில் கர்ப்பம் கேட்கும் இரும்புச்சத்து எவ்வளவு? மொத்தம் ஏறக்குறைய 1 கிராம். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300 மில்லிகிராம். தாயின் உடலில் கூடுதலாக உருவாகும் சிவப்பணுக்களுக்கு 500 மில்லிகிராம். மற்றவை நாள்தோறும் இயல்பாக வெளியேறுபவை. கர்ப்பக் காலத்தில் தாயின் இரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகும். பெருகும் நீருக்கு ஏற்பச் சிவப்பணுக்கள் பெருக இரும்பு வேண்டும். அது கிடைக்காவிட்டால் இரத்தச் சோகை வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தச் சோகை. நாள் முழுவதும் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குதல், வெளிறிய நாக்கு. தோட்டத்தில் இதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. 'பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும்' என்றார்கள்.

சோற்றோடு ஒரு குவளை கறுப்புத் தேநீர் குடிக்கும் வழக்கமும் இதில் சேர்ந்துகொண்டது. தேயிலையில் உள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியலை உண்டுவிட்டு உடனே தேநீர் குடித்தால், கீரையின் பயனில் பெரும்பகுதி போய்விடும். அதே கீரையோடு எலுமிச்சைச் சாற்றையோ கொய்யாப்பழத்தையோ சேர்த்துக்கொண்டால், அவற்றின் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதற்குக் காசு செலவில்லை. சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை.

இரத்தச் சோகையின் உண்மையான ஆபத்து குழந்தை பிறந்த பின்பு வரும் அரைமணி நேரத்தில் தெரியும். நிறைமாதத்தில் கருப்பைக்குச் செல்லும் இரத்தம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்கும் மேல். நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். கருப்பைத் தசைகள் இறுகிச் சுருங்கி அக்குழாய்களை நெரித்து மூடுகின்றன. பேறுகால மருத்துவர்கள் இதை இயற்கை கட்டிய கட்டு என்றே கருதுகின்றனர். அந்தத் தசைகள் இறுகத் தவறினால், சில நிமிடங்களில் ஆபத்தான அளவு இரத்தம் வெளியேறிவிடும். நல்ல உடல்நலம் உள்ள பெண் அரை லிட்டர் இழப்பைத் தாங்கக்கூடும். ஹீமோகுளோபின் 7 அல்லது 8 ஆக உள்ளவருக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

அந்த நிமிடங்களில் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில், இது இயல்பான உதிரப்போக்கா, ஆபத்தா என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்த முடிவு பெரும்பாலும் பிள்ளை பெற்றவளின் கையில் இருப்பதில்லை. மாமியாரோ கணவரோ எடுக்க வேண்டும். பிறகு வண்டி வேண்டும். இரவு நேரமானால் தோட்டத்து வண்டிக்கு அனுமதி கேட்க வேண்டும். செம்மண் சாலை தாண்டித் தார்ச்சாலைக்கு வந்து, சிரம்பான் பொது மருத்துவமனையை அடைய வேண்டும். இன்று அது துவாங்கு ஜாபார் மருத்துவமனை. அங்கே இரத்தம் ஏற்ற வேண்டும். முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று இவற்றை 1994ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு மூன்றாக வகுத்தது. தாய்மார்களின் இறப்பை ஆராய்வோர் உலகெங்கும் இன்றும் இந்தப் பகுப்பையே பயன்படுத்துகின்றனர்.

மருத்துவிச்சிகளை இங்கே குறைத்துப் பேசக்கூடாது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பாதுகாப்பாக ஏந்திய கைகள் அவை. கடினமான பேற்றின்போது தாயின் அருகிலேயே இருந்து தைரியம் சொன்னவர்களும் அவர்களே. ஆனால், இரத்தம் நிற்காதபோது கையால் செய்யக்கூடியவை சிலவே. மருந்தும் ஊசியும் இரத்தமும் தேவைப்படும் இடத்தில் அனுபவம் மட்டும் போதாது.

நாடு முழுமைக்குமான எண்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1950ஆம் ஆண்டில் மலாயாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் 1 இலட்சம் குழந்தைகளுக்கு 534 தாய்மார்கள் இறந்தனர். விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் அது 282. அப்போது நாட்டுப்புறச் சுகாதாரச் சேவைத் திட்டம் தொடங்கிவிட்டது. கம்பங்களில் சிறு மருந்தகங்கள் எழுந்தன. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் அந்த மருந்தகத்திலேயே குடியிருந்தனர். இரவில் கதவைத் தட்டினாலும் வருவார்கள். பாரம்பரிய மருத்துவிச்சிகளை விரட்டாமல், அவர்களைப் பதிவுசெய்து, தூய்மையான முறைகளைக் கற்பித்து, ஆபத்தான பேறுகளைத் தாதியரிடம் ஒப்படைக்கப் பழக்கியது இத்திட்டத்தின் சிறப்பு. மலேசியாவின் இந்த அனுபவத்தை உலக வங்கி இலங்கையின் அனுபவத்தோடு சேர்த்து ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. பணக்கார நாடாகும் வரை காத்திருக்காமலேயே தாய்மார்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்றாயின.

தோட்டங்களின் நிலை மட்டும் சற்று வேறுபட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளோரின் மருத்துவ வசதி தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக இருந்தது. தோட்டத்து மருந்தகமும் டிரெசரும் இருந்தனர். பெரிய தோட்டங்களில் மருத்துவமனைகூட இருந்தது. ஆனால், நிருவாகம் எப்படியோ வசதியும் அப்படியே. அருகிலுள்ள கம்பத்துக்குக் கிடைத்த தாதி, வேலிக்கு இந்தப் பக்கம் உள்ள லயத்துக்கு அதே அளவில் கிடைத்தார் என்று சொல்ல முடியாது.

இனி அந்த மாணவியின் அம்மாவைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டில் அவர் கர்ப்பமாக இருந்தபோது நிலைமை பெரிதும் மாறியிருந்தது. தாய்சேய் நல மருந்தகத்தில் பெயர் பதிந்ததும் கையில் ஓர் இளஞ்சிவப்புப் புத்தகம் கொடுத்தார்கள். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை, குழந்தையின் வளர்ச்சி அனைத்தும் அதில் வரிசையாக எழுதப்படும். புத்தகத்தின் அட்டையில் வண்ணக் குறியீடும் உண்டு. வெள்ளை என்றால் ஆபத்துக்கூறு குறைவு. பச்சை, மஞ்சள் என்று கவனம் கூடும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. தாதி மருத்துவர் இருவருக்கும் மட்டுமல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது புரியும். சிவப்பைப் பார்த்த பின் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று வீட்டில் யாரும் சொல்ல முடியாது. மேலே சொன்ன முதல் தாமதத்தை ஒரு சிறு வண்ணத்தாள் வெட்டிவிடுகிறது.

1991ஆம் ஆண்டு முதல், பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அந்த இறப்பை நிபுணர்கள் ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினர். யாரைத் தண்டிப்பது என்பது அங்கே கேள்வியன்று. எங்கே தவறியது, அடுத்த முறை எப்படித் தவிர்ப்பது என்பதே கேள்வி. அந்த ஆண்டில் ஒரு விந்தை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை 1 இலட்சத்துக்கு 20 என்றிருந்த எண், 44ஆக உயர்ந்தது. தாய்மார்கள் திடீரென்று கூடுதலாக இறக்கவில்லை. அதுவரை கணக்கில் வராத இறப்புகள் கணக்கில் வந்தன. ஓர் எண் உயர்வது சில வேளைகளில் நேர்மையின் அடையாளம். 2021ஆம் ஆண்டில் அது 68ஆக உயர்ந்ததற்குக் காரணம் வேறு. கோவிட் பெருந்தொற்று கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது. அடுத்த ஆண்டில் 26 அளவுக்கு இறங்கியது.

அம்மாவின் காலத்தில் வேறோர் ஆபத்து முன்னே வந்தது. பாட்டியின் தலைமுறை இல்லாமையால் வாடியது. அம்மாவின் தலைமுறை நீரிழிவை எதிர்கொண்டது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். கர்ப்பக் காலத்தில் நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் அந்நோய் நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். குழந்தைக்கும் அந்த வாய்ப்பு கூடும்.

இரண்டு தலைமுறைகளுக்கும் தொடர்பு உண்டா? இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் 1911ஆம் ஆண்டு முதல், சுகாதாரத் தாதியர் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேடுகளில் எழுதிவைத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின், டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பின் என்ன ஆனார்கள் என்று தேடியது. எடை குறைவாக இருந்தவர்களிடையே இதய நோயால் இறந்தவர்கள் அதிகம் என்று 1989ஆம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். நீரிழிவுக்கும் இதே போக்கு பின்னர்த் தெரியவந்தது. கருவில் உணவு குறைந்த உடல், குறைவான உணவுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பது பார்க்கரின் விளக்கம். பிறகு தாராளமாகச் சோறும் இனிப்பும் கிடைக்கும்போது அந்த உடல் திணறுகிறது. பிறப்பு எடை ஒன்றே விதியைத் தீர்மானித்துவிடாது. உணவும் உடற்பயிற்சியும் பரம்பரையும் சேர்ந்தே பேசுகின்றன. என்றாலும், நம் தோட்டத்து வரலாற்றை அறிந்தவர்கள் இந்தக் கண்டுபிடிப்பை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இப்போது அந்த மாணவியின் முறை. வயது பதினாறு. திருமணம், குழந்தை எல்லாம் எங்கோ தொலைவில். ஆனால், கருவின் நரம்புக் குழாய் 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. தாம் கர்ப்பம் என்று பல பெண்கள் அறியுமுன்பே அந்த வேலை முடிந்துவிடும். அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் தேவை. கர்ப்பம் தெரிந்த பின் மாத்திரையைத் தொடங்கினால் அந்தப் பயனுக்குக் காலம் கடந்துவிடலாம். அதனால்தான் மருத்துவர்கள் கர்ப்பத்துக்கு முந்தைய மாதங்களைப் பற்றிப் பேசுகின்றனர்.

பள்ளிக்கு வரும் தடுப்பூசியும் பரிசோதனையும் இதே கணக்கைச் சேர்ந்தவை. 2010ஆம் ஆண்டில் 13 வயது மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி தொடங்கப்பட்டது; நாற்பது வயதில் வரக்கூடிய கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பதின்மூன்று வயதில் தடுக்கும் முயற்சி அது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனையும் உண்டு. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் நலமாகவே இருப்பார். அவருடைய ஹீமோகுளோபின் மட்டும் சற்றுக் குறைவாக இருக்கலாம். அதை இரும்புக் குறைவு என்று எண்ணி, சோதிக்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது தவறு. ஒரே வகைத் தலசீமியாவைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்தப் பரிசோதனை மாணவர், மாணவியர் இருபாலருக்கும் உரியது. மாணவர்கள் சிலர் இதெல்லாம் பெண்களின் பாடம் என்று நினைப்பதுண்டு. அந்த 70 நாள் கணக்கை அவர்கள் நினைவுகூரலாம்; புகைபிடித்தல் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் பாதிக்கிறது.

பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் சுறாப்புட்டும் கொடுப்பதில் மருத்துவருக்கு மறுப்பு ஒன்றுமில்லை. புரதம் கிடைக்கிறது, ஓய்வும் கிடைக்கிறது. ஆனால், தண்ணீரைக் குறைப்பதும் கீரையையும் பழத்தையும் நாற்பது நாள் விலக்குவதும் இரத்தம் இழந்த உடலுக்கு உதவாது. தாய்ப்பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும். வேலை செய்யும் தாய்மார்களுக்கு மலேசியச் சட்டம் 60 நாள் என்றிருந்த பேறுகால விடுப்பை, 2023ஆம் ஆண்டு சனவரி முதல் 98 நாளாக உயர்த்தியது. அப்பாவுக்கும் 7 நாள் உண்டு.

1978ஆம் ஆண்டில் பால்மரம் வெட்டிய பாட்டிக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டியிருக்கும். ஐம்பது வயதையொட்டி அவருடைய மாதவிடாய் நின்றிருக்கும். அதன்பின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்து எலும்பு விரைவாகத் தேய்ந்திருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த வயதின் பெரிய அச்சம். எலும்பின் வலிமையில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பேத்தி இன்று உண்ணும் நெத்திலியும் குடிக்கும் பாலும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கின்றன.

வீட்டு அலமாரியில் அம்மாவின் இளஞ்சிவப்புப் புத்தகம் இன்னும் இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். உங்கள் பிறப்பு எடையும், நீங்கள் வயிற்றில் இருந்தபோது அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதும் அதில் எழுதியிருக்கும். பாட்டியிடம் அப்படியொரு புத்தகம் இருக்காது. அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், அந்தத் தலைமுறையினர் பலர் இரண்டு எண்களைச் சொல்வார்கள்: பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை.